‘சபார்’ ஒரு பெயரல்ல

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரே ஒரு வரி. எங்கள் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், கீழே, பொடி எழுத்தில் போடும் திருத்தக் குறிப்பு. அதை எழுத எனக்குப் பதினோரு நாள் பிடித்தது. வரிக்குள் அடங்காமல் நிறைய மிஞ்சிப் போயிற்று. மிஞ்சியதைத்தான் இப்போது உங்கள் தலையில் கட்டுகிறேன்.

என் பெயர் ஜுமாதில். பிஷ்கெக்கில் ஒரு மாத இதழில் சரிபார்ப்பவனாக இருக்கிறேன். கதை மாதிரிப் படிக்க வேண்டும், ஆனால் ஒரு சொல்கூடக் கதையாக இருக்கக்கூடாது என்று ஒரு வகைக் கட்டுரை உண்டு. நிருபர்கள் அதை எழுதிக்கொண்டு வருவார்கள். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் குறி போடுவேன். [உறுதி] என்றால் பார்த்தவரோ செய்தவரோ சொன்னது. [கேள்வி] என்றால் காதுவழி வந்தது. [கற்பனை] என்றால் அடித்துவிட வேண்டியது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கதை எழுத உட்கார்ந்த பிறகும் கை நிற்கவில்லை. குறிகள் அங்கங்கே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மே மாதக் காலை ஒன்றில், மலைக்கு மேலே கறுத்துத் திரண்ட மேகம் —

மேகம் கறுப்பு என்று யார் பார்த்தது? விட்டுவிட்டேன்.

பசுவின் மடியில் கை வைத்த அனார்கான் திடீரென்று —

இது என்னுடையது இல்லை. அல்தினாய் கட்டுரையின் முதல் வரி. நான் குறி போட்டு அனுப்பிய வரியை நானே திருடக்கூடாது.

அல்தினாய் எங்கள் நிருபர்களிலேயே கெட்டிக்காரி. இருபத்தொன்பது வயது. பேட்டி எடுக்கிறேன் என்று யார் எதிரிலும் உட்கார மாட்டாள். போன வீட்டில் மாவு பிசைவாள், சாணி அள்ளுவாள். நான்காம் நாள்தான் ஒலிப்பதிவுக் கருவி வெளியே வரும். அதற்குள் அந்த வீட்டுப் பெண்கள் அவள் இருக்கிறாள் என்பதையே மறந்திருப்பார்கள்.

எங்களுக்குள் எப்போதும் ஒரு சண்டை உண்டு. அவள் ‘என்று நினைத்தாள்’ என்று எழுதுவாள். நான் அதை ‘என்று நினைத்ததாகச் சொன்னாள்’ என்று மாற்றுவேன். “இப்படி ஒவ்வொரு வரியிலும் முட்டுக்கட்டை போட்டா வாசகர் தூங்கிடுவாங்க, பைகே” என்பாள். பைகே என்றால் அண்ணன். தூங்கினால் தூங்கட்டும், பொய்க் கனவு காணாமல் இருந்தால் சரி என்பேன். இது நான் நிஜமாகவே சொன்னதுதானா, எழுதும்போது தோன்றியதா என்று இப்போது தெரியவில்லை. [கற்பனை] என்றே வைத்துக்கொள்வோம்.

3

நடந்தது இது. அத்-பாஷிக்கு மேலே ஒரு ஊர். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். மூன்று நாள் மழை. மேல் வாய்க்கால் கரைபுரண்டு ஓடுகிறது. நான்காம் நாள் காலை யாரோ மேல் மடையைத் திறந்து தண்ணீரைப் பள்ளத்து ஓடையில் விட்டார்கள். மேலே இருந்த உருளைக்கிழங்கு வயல் தப்பித்தது. ஓடை வருஷம் முழுவதும் காய்ந்து கிடக்கும். அன்று அதில் மக்ஸாத் இறங்கியிருந்தான், தப்பி ஓடிய கன்றைப் பிடிக்க. கன்று கரையேறிவிட்டது. மக்ஸாத் ஏறவில்லை. வயது முப்பத்து நான்கு. [உறுதி: இறப்புச் சான்று.]

அவன் மனைவி அனார்கான் பால் கறந்துகொண்டிருந்தாள். முற்றத்திலிருந்து பார்த்தால் மடை தெரியும். மடையின் சக்கரத்தை ஒருவர் திருப்புவதை அவள் பார்த்தாள். பத்து நிமிஷம் கழித்துத்தான் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தது.

அல்தினாய் அந்த வீட்டில் ஆறு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள், மாவு பிசையும்போது, அனார்கான் சொன்னாள்: “சபார் அகெதான் தெறந்தாரு. ரெண்டு சுத்து சுத்துனாரு.” ஒலிப்பதிவில் இருக்கிறது. பின்னால் தகரத்தில் மழை விழும் சத்தமும் இருக்கிறது. அகெ என்பது பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல்.

ஊரில் சபார் என்று ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஊருக்குத் தண்ணீர் பங்கு வைக்கும் மடைக்காரர். அல்தினாய் அவரையும் போய்ப் பார்த்தாள். அன்று மடையைத் திறந்தது பற்றிக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: “மடை என் பொறுப்பு. அதுல எது நடந்தாலும் நான்தான் பதில் சொல்லணும்.” கழுத்தில் சிவப்புக் கயிற்றில் சாவி தொங்கியது.

அல்தினாய் எழுதிய பத்தி இது:

‘சபார் கழுத்திலிருந்த சிவப்புக் கயிற்றை உருவினார். சாவியைப் பூட்டில் விட்டார். சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினார். கீழே யாரும் இருப்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை.’

கடைசி வாக்கியத்தை மட்டும் அடித்தேன், மற்றவை அப்படியே அச்சேறின. மற்றவற்றுக்கு என் குறிகள்: கயிறு [உறுதி]. சாவி [உறுதி]. இரண்டு சுற்று [உறுதி]. சபார் [உறுதி: நேரில் பார்த்த சாட்சி]. சபாரிடம் கேட்டு உறுதிப்படுத்த மூன்று முறை அழைத்தேன். மேய்ச்சல் மலையில் இருந்தார், தொடர்பு கிடைக்கவில்லை. நான்காம் முறை அழைத்திருக்கலாம். அச்சகத்திலிருந்து ஆள் வந்து நின்றான், நான் அழைக்கவில்லை.

* இன்னொரு குறியையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். விடைபெறும் இடத்தில் அனார்கான் அல்தினாயிடம் “அக் சபார்” என்று சொன்னதாக இருந்தது. பயணம் வெள்ளையாக இருக்கட்டும் என்று பொருள். நாங்கள் எல்லோரும் “அக் ஜொல்” என்போம், பாதை வெள்ளையாக இருக்கட்டும் என்று. ஜொல் என்றால் பாதை, சபார் என்றால் பயணம். பதிவில் பிழையா என்று ஓரத்தில் கேட்டிருந்தேன். “இல்ல பைகே, அவங்க அப்படித்தான் சொல்றாங்க. அந்த ஊர்ப் பேச்சு போல, அழகா இல்ல?” என்றாள் அல்தினாய். நானும் அழகாக இருக்கிறது என்றுதான் விட்டேன்.

கட்டுரையின் கடைசிக் காட்சியில் மக்ஸாதின் அண்ணன் ஜொல்தோஷ், தம்பி மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார். அந்த இடத்தில் ஆசிரியர் அழுதுவிட்டார். நானும்தான்.

4

போன வாரம் திங்கட்கிழமை காலை சபார் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அறுபது வயது இருக்கும். வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றவில்லை. துணிப்பை ஒன்றை மேஜைமேல் வைத்தார். பை நிறைய உப்புத் தயிர் உருண்டை. வீட்டில் செய்தது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

“கட்டுரை நல்லா இருந்துச்சு. எம் பொண்ணு படிச்சுக் காட்டினா. ரெண்டு எடத்துல அழுதுட்டேன். அப்புறம்தான் அது நான்னு தெரிஞ்சுது.”

அல்தினாய் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். மனிதர் கோபப்படவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அன்று காலை அவர் ஊரிலேயே இல்லையாம். அத்-பாஷியில் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். பிடுங்கியது மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி, வீட்டில் வைத்து. சீட்டு, பதிவு எதுவும் கிடையாது. சாட்சி என்று சொல்லி வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினார். இருவரும் குனிந்து பார்த்தோம். [உறுதி.]

பூட்டு துருப்பிடித்தது, ஆணியை விட்டு நெம்பினாலே திறந்துவிடும், ஊருக்கே தெரியும் என்றார். அப்படியானால் ஏன் அப்போதே நான் இல்லை என்று சொல்லவில்லை என்று அல்தினாய் கேட்டாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“நீ நான் தெறந்தேனான்னு கேக்கலியேம்மா. மடையப் பத்திக் கேட்ட. மடைக்காரன் நான்தானே.”

இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு அரசு வழக்கறிஞர் அலுவலகம் அவரைக் கூப்பிட்டிருக்கிறது. அடுத்த வெள்ளி, காலை பத்து மணி. மடைச் சாவியை ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். வழக்கு ஆனால் சிறைதான்.

“ஊர்ல எவனும் என்னை ஒண்ணும் கேக்கல. அந்த மருமக வாயில சபார் அகென்னா யாருன்னு எங்க ஊர் நாய்க்குக்கூடத் தெரியும். மாவட்டத்துல உக்காந்திருக்கவருக்குத்தான் தெரியல. அவர் வீட்ல மருமக இல்ல போலிருக்கு.”

சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். எங்களுக்குப் புரியும் என்று காத்திருந்தார் என்பது இப்போது தெரிகிறது. எங்களுக்குப் புரியவில்லை. அவருக்கு வெட்கமாகப் போயிருக்க வேண்டும், எங்களுக்காக. பையை என் பக்கம் தள்ளி, “சாப்பிடுங்க. உப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி” என்றார்.

ஒன்றை வாயில் போட்டேன். உப்பு. அப்போதுதான் உறைத்தது.

5

என் அப்பாவழித் தாத்தாவின் பெயர் தூஸ்பாய். தூஸ் என்றால் உப்பு. என் அம்மா சாகும்வரை உப்பை உப்பு என்று சொன்னதில்லை. ‘சுவை’ என்றுதான் சொல்வாள். சின்ன வயதில் அடுத்த வீட்டுக்குப் போய் ஒரு கரண்டி சுவை கேட்டு, அங்கே எல்லோரும் சிரித்து, அழுதுகொண்டே திரும்பி வந்திருக்கிறேன். மாமனார் பெயரையும், மூத்தார் என்கிற கணவனின் அண்ணன் பெயரையும் மருமகள் வாயால் சொல்லக்கூடாது. பெயருக்குள் இருக்கும் சொல்லையும் சொல்லக்கூடாது. பக்கத்தில் நிற்கும் வேறு சொல்லை எடுத்துக்கொள்வாள்.

“அனார்கானோட மூத்தார் பேரு?” என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

“ஜொல்தோஷ்” என்றாள் அல்தினாய். சொல்லி முடிக்கும்போது அவள் முகம் வெளிறிவிட்டது.

ஜொல் என்ற பாதை அவர் பெயரிலேயே இருக்கிறது. அதனால் அனார்கானுக்குப் பாதையே பயணம்தான். ஜொல்தோஷ் அகெ என்று சொல்லக்கூடாத வாய் சபார் அகெ என்கிறது. அந்த வீட்டில் பதினோரு வருஷமாக அதுதான் அவர் பெயர். அல்தினாய் நகரத்துப் பெண், வீட்டில் ருஷ்யன் பேசி வளர்ந்தவள், அவளை மன்னிக்கலாம். என் கையில் ‘அக் சபார்’ இருந்தது. அதன் ஓரத்தில் கேள்விக்குறி போட்டவனே நான்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இங்கே சரிபார்ப்பவனாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பத்தியில் பொய் எதுவும் இல்லை. கயிறு ஒருவருடையது, சுற்று இன்னொருவருடையது. இரண்டும் உண்மை. தைத்த இடம்தான் பொய். தைத்த இடத்துக்குக் குறி போட எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று எழுதப் பார்த்தேன். அது சாக்கு. சொல்லித்தர வேண்டியவனே நான்தான் —

6

செவ்வாய்க்கிழமை அனார்கானை அழைத்தேன். இந்த உரையாடலில் ஒரு சொல்லும் என்னுடையது இல்லை.

நான் யார் என்று சொன்னேன். தெரியும் என்றாள். சபார் வந்துபோனதைச் சொன்னேன். அதுவும் தெரியும் என்றாள். பின்னால் கோழிகள் கத்தின. நீங்கள் சொன்னது மடைக்காரர் சபாரை இல்லையே என்று கேட்டேன்.

“நான் யார் பேரையும் சொல்லல பைகே. வீட்ல எப்படிக் கூப்பிடுவேனோ அப்படிச் சொன்னேன்.”

அல்தினாய்க்குப் புரியும் என்று நினைத்தீர்களா என்றேன்.

“அவளும் கிர்கிஸ் பொண்ணுதானே.” கோழிகளை விரட்டும் சத்தம் கேட்டது. “புரியும்னும் நெனச்சேன். புரியாதுன்னும் நெனச்சேன். யார்கிட்டயாவது சொல்லணும். சொன்ன மாதிரியும் இருக்கக்கூடாது.”

ஜொல்தோஷுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் கட்டுரையைப் படித்தார் என்றாள். படித்த நாளிலிருந்து அவளிடம் பேசுவதில்லை. ஆனால் தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறார், விறகு பிளந்து போடுகிறார், அவர் கடைக்குள் நுழைந்தால் அங்கே பேச்சு நின்றுவிடுகிறது. வேண்டுமென்று செய்யவில்லை, தம்பி கீழே நின்றது அவருக்குத் தெரியாது என்றாள். ஓடையில் இறங்கித் தம்பியைத் தூக்கி வந்ததும் அவர்தான். அதை மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

அவர் பெயரைப் போட்டுத் திருத்தினால் உங்களுக்கு என்ன ஆகும் என்றேன்.

“நானும் ரெண்டு பிள்ளைகளும் வெளிய நிப்போம். போடலேன்னா பல்லு பிடுங்கப் போன மனுஷன் உள்ள போவாரு. நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க.”

இருபத்திரண்டு வருஷமாக நான் கேட்டிருக்கிறேன், மற்றவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

7

திருத்தக் குறிப்பு, முதல் வரைவு: ‘மடையைத் திறந்தவர் சபார் அல்ல, ஜொல்தோஷ்.’

ஆசிரியருக்குப் பிடித்தது. சுருக்கம், தெளிவு என்றார். ஆனால் என்னால் குறி போட முடியவில்லை. ஒலிப்பதிவில் அந்தப் பெயர் இல்லை. யாரும் தன் வாயால் அந்தப் பெயரைச் சொல்லி, அவர் திறந்தார் என்று சொல்லவில்லை. சபார்கூட மூத்தார் என்ற பேச்சையே எடுக்கவில்லை, உப்பு ஜாஸ்தி என்றுதான் சொன்னார். நான் ஜொல்தோஷையே அழைத்தேன், நான்கு முறை. எடுக்கவில்லை.

இரண்டாம் வரைவு: ‘மடையைத் திறந்தவர் யார் என்பது உறுதியாகவில்லை.’

இது பூசி மெழுகுவது. எனக்கு உறுதியாகத் தெரியும். சபாருக்கும் இதனால் பயன் இல்லை, யார் என்று தெரியாதவரை சாவி வைத்திருந்தவர்தான் அகப்படுவார்.

மூன்றாவதை அடுத்த புதன்கிழமை வரைக்கும் அடித்தடித்து எழுதினேன்: ‘எங்கள் கட்டுரையில் மடையைத் திறந்ததாக வரும் “சபார்” ஒரு பெயரல்ல.’

அல்தினாய் இரண்டு தடவை படித்தாள். பிறகு சொன்னாள்: “இதைப் படிக்கிற கிர்கிஸ்காரங்க யாரா இருந்தாலும் ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சுக்குவாங்க, பைகே. அனார்கானைக் காட்டிக்கொடுத்த மாதிரிதான்.”

“நமக்குப் புரியலையே” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அழைத்துக் கேட்போம் என்றாள். அவளே அழைத்து வரியை வாசித்துக் காட்டினாள். மறுமுனையில் அனார்கான் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாளாம். பிறகு, அதில் பொய் இல்லை என்றாளாம். போடலாமா என்று அல்தினாய் கேட்டிருக்கிறாள். அதில் பொய் இல்லை என்றே திரும்பவும் சொன்னாளாம். [கேள்வி: அல்தினாய் வழியாக.]

நேற்று, வியாழக்கிழமை காலை, வரியை இணையத்தில் ஏற்றினோம். முத்திரை குத்திய ஒரு பிரதியைச் சபாரின் மகளுக்கு அனுப்பினோம். மூன்று கட்டுரைக்கு வேண்டிய தாளை அந்த ஒரு வரிக்காகக் கிழித்திருந்தேன்.

8

கதை என்றால் முடிவு வேண்டும். கட்டுரை என்றால் நடந்த இடத்தில் நின்றுவிடலாம், நடக்காததை எழுத வேண்டியதில்லை. நான் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. இதை எழுதும்போது மணி ஒன்பதே முக்கால். சபாரின் தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. ஏழு மணிக்கு அனார்கான் அழைத்தாள். அவளாக அழைத்தது இதுதான் முதல் தடவை. ஜொல்தோஷ் விடிந்ததும் கல்யாணங்களுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாராம். எங்கே என்று சொல்லவில்லை. மருமகள் கேட்கவும் கூடாது. குதிரை லாயத்திலேயே நிற்கிறது, நடந்து போயிருக்கிறார். கீழே போகிறாரா மேலே போகிறாரா என்று பார்ப்பதற்குள் பனி மூடிவிட்டது.

“வாசல்ல நின்னு அக் ஜொல்னு சொன்னேன் பைகே. பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் சொல்றேன்.”

[உறுதி: சொன்னவரே.]

அவர் என்ன செய்தார் என்று கேட்டேன். நின்றாராம். திரும்பிப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டு நடந்தாராம்.

* இந்தக் கதையில் வரும் பெயர்களில் ஒன்றுகூட அவரவர் பெயரில்லை. பக்கத்தில் நிற்கும் வேறு பெயர்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். எந்த ஊரிலாவது இதே பெயரில் ஒருவர் இருந்தால் அவரிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசிக் காட்சியை ஒன்பது தடவை எழுதினேன். ஒன்பது தடவையும் எனக்குப் பிடித்தவரே எழுந்தார். ஒன்பது தடவையும் என் கை பக்கத்தில் [கற்பனை] என்று போட்டது. அதனால் பெயரை எடுத்துவிட்டேன். குறியையும் போடவில்லை. உங்களிடம் விடுகிறேன். போடுவதற்கு முன்னால் நான்காம் முறையும் அழைத்துப் பாருங்கள்.

மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் தாழ்வாரம். சுவரோரம் ஒரு பெஞ்சு. சபார் முத்திரை குத்திய தாளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் கல்யாணக் கோட்டு போட்ட ஒருவர் வந்து உட்காருகிறார். பல் வலி தேவலையா என்று கேட்கிறார். தேவலை என்கிறார் சபார். பத்து மணிக்குக் கதவு திறக்கிறது. ஓர் இளம்பெண் தாளைப் பார்த்து, நிமிராமல், “சபார்” என்று கூப்பிடுகிறாள்.

பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்திருக்கிறார். [            ]